நிரோஜாவின் திதி

கொஸ்லந்த
24.02.2025

என் செல்ல மகள் சிவசக்திக்கு,

அம்மா பெரியாயி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நீயும் பொத்துவிலில் இருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கண்ணால் பார்த்த ஆள் மட்டும் ஒருவரும் இல்லை.

போனில் கூப்பிட்டால் ஸலீம் நானா எடுக்கிறார். "இந்தா தாறன்" என்று உன்னிடம் கொடுக்கிறார். அதற்குப் பிறகு நீ மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கிறது. போனுக்குக் காசு கொடுத்து ரீலோட் போட்டு மூச்சுச் சத்தம் கேட்கிற தாய் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால்தான் கடிதத்துக்கு வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரிக்க ஒரு சாக்கு கிடைத்த மாதிரி இருக்கும். சின்னராசா அண்ணன் வாரம் ஒரு தடவை பெரகலையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்கு வருகிறாரே, அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவர் லொறியிலேயே ஏற்றிவிடு. லீக்ஸ் வாசம் அடித்தாலும் பரவாயில்லை.

உன் அப்பா கதையைக் கேள். மகளைக் கூட்டிவருகிறேன் என்று வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட மனுசன். நீ உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாயாம். இவர் வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஸலீம் நானா கொடுத்த கருவாட்டுப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறார். "மக எங்கங்க?" என்றேன். "கருவாடு நல்ல கருவாடு" என்றார். இப்படிப்பட்ட ஆளோடுதான் இருபத்தொரு வருசம் ஓட்டியிருக்கிறேன்.

சரி, விளையாட்டு போதும். நீயும் ஸலீம் நானா வீட்டு ஜிப்னாவும் கடலிலிருந்து கரைக்கு வந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி மகள் நிரோஜா வரவில்லை. பரீட்சை முடிந்து சும்மா இருக்கிற பிள்ளைகள், சீசனுக்கு முன்னால் ஸலீம் நானாவின் தங்குமிடத்தில் அறை கழுவிக் கொடுத்துவிட்டு வரட்டும் என்று உன்னையும் நிரோஜாவையும் அனுப்பியது நான்தான். ஜெயலெட்சுமி பயந்தாள். "என் மக கூடப் போறா, உம் மகளை முழுசாக் கொண்டாந்து விடுவா" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒன்றுதான் கேட்கிறாள். "நிரோஜா போனது என்னைக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா." பொலிஸ் கொடுத்த தாளில் காணவில்லை என்றுதான் இருக்கிறது. நாள் தெரியாமல் திதி பார்க்க முடியாது, திதி இல்லாமல் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்க முடியாது. வீட்டுக்கு வா மகளே. வந்து அவளிடம் சொல்.

உன் அம்மா,
பெரியாயி

பொத்துவில்
03.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவும் கருவாடும் வந்த இடத்தை ஜிப்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நோன்பு தொடங்கிவிட்டதால் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்ச ஜிப்னாவின் உம்மாவுக்கு உதவி செய்கிறேன். என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எனக்கு நாள் தெரியாது அம்மா. நாங்கள் படகில் புறப்பட்டது ஞாயிற்றுக்கிழமை. வேறொரு ஞாயிற்றுக்கிழமை கடலிலிருந்து எங்களைத் தூக்கினார்கள். இடையில் நான் எண்ணவில்லை. ஜெயலெட்சுமி அத்தையிடம் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

நான் அங்கே வரமாட்டேன். தோட்டத்து லயத்தில் எங்கள் கதவைத் திறந்தால் பக்கத்திலேயே அத்தை கதவு.

மகள்,
சிவசக்தி

கொஸ்லந்த
10.03.2025

என் ராசாத்திக்கு,

உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுகிற மாதிரி நாலு வரி. அந்த நாலு வரியையும் உன் அப்பா பத்துத் தடவை வாசிக்கச் சொன்னார். பதினோராவது தடவை, "தெரியாதுன்னா அது எழுதுனதுதானே, விடு" என்றார். அவர் பேசினதே பெரிய விசயம் என்று நானும் விட்டேன்.

விட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜெயலெட்சுமி விடவில்லை.

தெரியாது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாள் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனுசன்தான். "நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதாம்மா. தை அமாவாசையும் அந்தக் கிழமையிலதான் வந்திருக்கு. அன்னைக்கே வச்சுக்குவோம்" என்றார். இவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஊர்ல நாளு தெரியாம போனவங்களுக்கெல்லாம் போடுற அன்னைக்கு எம் புள்ளைக்குப் போட மாட்டேன். அவளுக்குன்னு ஒரு நாள் இருக்கு. அதைப் பார்த்த ஆளு இருக்கு" என்றாள். பூசாரி என்னைப் பார்த்தார். நான் கோயில் மணியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வீடு நடுவில் நிற்கிற லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் இந்தப் பக்கம் உன் அப்பாவைக் கிண்டல் செய்தால் அந்தப் பக்கம் அவள் சிரிப்பாள். இப்போது அவள் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. அவளுக்கு ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கும்போது நான் என் காதைப் பொத்திக்கொள்கிறேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது அவளுக்குப் பக்கத்து நிரையில்தான் நிற்கிறேன். வாயைத் திறந்தால் பகிடி வருகிறது. வந்ததும் கசக்கிறது. நான் வேறு மாதிரிப் பேசப் பழகவில்லையே மகள்.

நான் கடலே பார்த்ததில்லை. தியலுமவில் விழுகிற தண்ணீரைத் தாண்டி என் புத்தி போகாது. அங்கே என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு முடியவில்லை. நீ ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாய். பெற்றவளுக்கு அது தெரியும். வர வேண்டாம் என்றால் வராதே. எழுது. யாருக்கும் சொல்லாதே என்றாலும் சொல்ல மாட்டேன்.

அம்மா,
பெரியாயி

பொத்துவில்
19.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதுகிறேன். ஆனால் யாருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அத்தைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். பாதியை விட்டுவிட்டு வாசித்தால் அது எனக்குத் தெரிந்துவிடும்.

தங்குமிடத்துக்குக் குடிதண்ணீர் களப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும். அன்றைக்கு வழக்கமாகப் போகிறவர் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் சின்னப் படகில் போய் இரண்டு கேனில் பிடித்துக்கொண்டு திரும்பினோம். மழையில், களப்பு கடலில் சேர்கிற முகத்துவாரம் உடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் படகைக் கடலுக்கு இழுத்தது. ஜிப்னா கம்பை ஊன்றினாள், தரை தட்டவில்லை. நிரோஜா சிரித்தாள். "ஓசியில கடல் பார்க்கப் போறோம்டி" என்றாள். திரும்பிப் பார்த்தபோது தென்னைமரங்கள் விரல் அளவுக்கு இருந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

முதல் இரண்டு நாளும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் அம்மா. ஜிப்னா கெட்டிக்காரி. கேன் மூடியில் அளந்து காலையில் மூன்று, பின்னேரம் மூன்று என்று ஆளுக்குக் கொடுத்தாள். வெயிலுக்குப் படகில் கிடந்த படங்குத் துணியைத் தலைக்கு மேல் பிடித்தோம். நிரோஜா உங்களைப் போலவே பேசிக் காட்டினாள். "இங்க பாருங்கடி, ரெண்டு கிலோ முத்துன கருக்கல் கொழுந்தை மூட்டையில போட்டது யாரு?" என்று. அப்படிச் சிரித்தோம்.

மூன்றாம் நாள் விடியும்போது மேற்கே மலை தெரிந்தது. நீலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு, அப்பூத்தளைப் பக்கம் நம் தோட்டத்திலிருந்து தெரிகிற மாதிரியே. நான்தான் முதலில் பார்த்தேன். "நம்ம மலைடி" என்று கத்தினேன். ஜிப்னா, "அது மேகம் போல கெடக்கு" என்றாள். நானும் நிரோஜாவும் அவளைக் கேலி செய்தோம். கடற்கரைக்காரிக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்றேன். கையாலும் பலகையாலும் மத்தியானம் வரை படகை வலித்தோம்.

மலையிலிருந்து வந்தால் பீலித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தானே வீட்டுக்குள் போவோம். உப்புப் பூத்த மூஞ்சியோடு அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று நிரோஜா கேட்டாள். நான் கேனை எடுத்து அவள் கையில் ஊற்றினேன். பிறகு எனக்கு. ஜிப்னா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவளுக்கும் ஊற்றினேன். மீதியைக் குடித்தோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் வீடு என்று நினைத்தேன்.

பின்னேரம் மலை கரைந்துபோனது.

அதற்குப் பிறகு தண்ணீர் இல்லை. நிரோஜா எங்களுக்குத் தெரியாமல் கடல்தண்ணீர் குடித்திருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஏதேதோ பேசினாள். கடைசியில் என் மடியில் தலையை வைத்திருந்தாள். வலி என்று சொல்லவில்லை. அதை அத்தையிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். மூச்சு நின்ற பிறகும் நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெயில் ஏறியதும் ஜிப்னா தன் சால்வையை எடுத்து அவளைச் சுற்றினாள். நாங்கள் இரண்டு பேரும்தான் அவளைக் கடலில் இறக்கினோம். ஜிப்னா தனக்குத் தெரிந்ததை ஓதினாள். எனக்கு ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. 'ஆறுமுகம் நிரோஜா' என்று முழுப்பேரையும் மூன்று தடவை கூப்பிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் மழை பெய்தது. கேன் நிறைந்தது. அதனால்தான் நான் இருக்கிறேன்.

நாள் தெரியாது என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் நோன்புக்குப் பிறை பார்க்க இவர்கள் எல்லாரும் வெளியே போனபோது ஜிப்னா திரும்பி ஓடிவந்து பாயில் விழுந்தாள். ஏன் என்று பல நாள் அவள் சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னாள். நிரோஜாவின் மூச்சு நின்றபோது மேற்கே நூல் மாதிரி முதல் பிறை இருந்ததாம். அதைப் பார்த்து அவள் துஆ கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஸலீம் நானா கலண்டரை எடுத்து நோன்பிலிருந்து பின்னால் ஒவ்வொரு நாளாக எண்ணினார். ஜனவரி முப்பது, வியாழக்கிழமை. பொழுது பட்டுக் கொஞ்ச நேரம்.

அத்தை என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். அவர் வரச்சொன்னால் அடுத்த லொறியில் வருகிறேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் அம்மா.

சிவசக்தி

கொஸ்லந்த
02.04.2025

என் மகளுக்கு,

உன் கடிதத்தை முதலில் நான் தனியாக, தேயிலைக்குள் உட்கார்ந்து வாசித்தேன். எனக்கு அதற்கு ஒரு மத்தியானம் ஆனது. தண்ணீர் ஊற்றிய இடத்தை விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று நினைத்தேன், உனக்குப் பொய் சொல்ல விரும்பவில்லை. இதுவரை எத்தனை பேரை ஏய்த்திருப்பேன், கங்காணியை, உன் அப்பாவை, அரிசிக் கடைக்காரனை. இதில் முடியவில்லை.

ஜெயலெட்சுமியை எங்கள் வீட்டுக் காம்பராவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. வலி என்று சொல்லவில்லை என்ற இடத்தை நீ சொன்னபடி இரண்டு தடவை வாசித்தேன். முகம் கழுவிய இடத்தை அவளே மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். முடித்ததும், "அந்த முஸ்லிம் புள்ளை சால்வை என்ன கலரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதை எழுதி அனுப்பு.

ஜனவரி முப்பது பொழுது பட்டு என்றதும் பூசாரி பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறைத் துவிதியை என்றார். போன ஞாயிற்றுக்கிழமையே பின்னேரம் அந்தத் திதி திரும்ப வந்தது. பதினாறாம் நாளெல்லாம் கடந்துவிட்டது, அன்றைக்கே செய்தோம். பிண்டத்தை ஆற்றில் கரைத்தோம். அவள் ஒரு வடைகூடக் கருகவிடாமல் எல்லாவற்றையும் தன் கையால் சமைத்தாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ரொட்டி தட்டுகிற சத்தம்தான்.

இனி நான் எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே எழுது என்று நீ சொல்லியிருக்கிறாய்.

"சக்தி வரட்டுமா?" என்று கேட்டேன். கொழுந்துச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அது மேல எனக்குக் கோவம் இல்லக்கா. மேகத்தை மலைன்னு நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன். ஆனா அது இங்க வந்து நின்னா, நீ மட்டும் எப்படிடி வந்தேன்னு கேட்டுருவேன். கேட்காம இருக்க எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டுட்டா அந்தப் புள்ளையும் இருக்காது, நானும் மனுசியா இருக்க மாட்டேன். வேணாங்க்கா. இப்ப வேணாம்."

எப்போது என்று கேட்கத்தான் வாய் வந்தது. என் வாயை எனக்கே முதல் தடவையாக மூட முடிந்தது. உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நானாவது வந்து உன்னைப் பார்க்கலாம். பஸ் இருக்கிறது, மொனராகலையில் மாறினால் போதும். ஆனால் நான் தட்டை எடுத்து வைத்தால்தான் ஜெயலெட்சுமி சாப்பிடுகிறாள். நான் உன்னிடம் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட எனக்குக் கால் வராது. சொல்லாமல் புறப்படவும் வராது. அவளுக்கு மகளைப் பார்க்கப் போக ஒரு பஸ் கிடையாது.

அதனால் இத்தனை நாளும் வா வா என்று எழுதின கையால் எழுதுகிறேன். வராதே மகளே. அங்கேயே இரு. ஸலீம் நானா வீட்டில் உன்னைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள், போனில் பேசியபோது உம்மாவும் அதையே சொன்னார். பரீட்சை முடிவு வந்தால் அங்கிருந்தே பார்த்துக்கொள். ஜிப்னாவின் கையை விடாதே. நான் எழுதுகிறேன். நீ எழுது. மூச்சுச் சத்தமாவது கேட்கட்டும், சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறேன், எடு.

இந்த இடத்தில் ஏதாவது பகிடி எழுத வேண்டும் என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். அகப்படவில்லை.

உன் உடுப்புகளையெல்லாம் தோய்த்து மடித்து ஒரு பையில் சின்னராசா அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். சுவெட்டரை மட்டும் போடவில்லை. அங்கே வெக்கை, உனக்குத் தேவைப்படாது. அது இங்கே ஆணியில் தொங்கட்டும்.

அம்மா,
பெரியாயி