நிறுத்தப்பட்ட என் மூச்சை மீண்டும் ஓடவிடக் கோரி

அனுப்புநர்:
தரைத்தளப் பெரிய அரங்கில் மல்லாந்து படுத்திருப்பவர்
(நேரில்: சரக்கு லாரி ஓட்டுநர், சிற்பம் செய்த பெண்ணின் தகப்பன்).

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொதுக் கலைக்கூடம்.

பொருள்: "அப்பா தூங்குறார்" என்ற சிற்பத்தின் மோட்டாரை நிறுத்தியது, வெள்ளைத் துணி போர்த்தியது – இரண்டையும் உடனே நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். வாக்கியத்தில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் தவறு இல்லை.

2. தங்கள் கூடத்தில் ஒரு பஸ் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஆள் நான்தான். துணி, பஞ்சு, பழைய பஸ் சீட்டு ஸ்பாஞ்சு ஆகியவற்றால் என் மகள் தைத்தது. பனியன் மேலே ஏறிக் கிடப்பதும், வாய் பாதி திறந்திருப்பதும், வயிறு குன்று மாதிரி நிற்பதும் உள்ளபடியே உள்ளவை. வயிற்றுக்கு அடியில் காற்றடிக்கும் மோட்டார் உண்டு. அது ஓடினால் வயிறு மெதுவாக ஏறும், இறங்கும். தலைமாட்டில் ஸ்பீக்கர் வழியாகக் குறட்டை வரும். அதுவும் என்னுடையதே. நான் தூங்கும்போது எனக்குத் தெரியாமல் போனில் பிடித்திருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் "நான் குறட்டையே விடுவதில்லை" என்று சாதித்து வந்தவன், பொதுக் கட்டடத்தில் சாட்சியத்தோடு தோற்றேன். திறப்பு விழாவில் அத்தனை பேர் நடுவில் என் மனைவி, "இப்பவாவது ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன்.

3. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஊர் ஊராக வண்டி ஓட்டிச் சம்பாதித்த ஆளை, தூங்குமூஞ்சியாகப் படுக்க வைத்துவிட்டாளே என்று. "ஏம்மா, அப்பா வேற எதுவுமே செய்யலையா?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க லோடு ஏத்திக்கிட்டுப் போனா எப்ப வருவீங்கன்னு தெரியாதுப்பா. கொறட்டை கேட்டாத்தான் நீங்க வீட்ல இருக்கீங்கன்னு அர்த்தம். அது கேட்டா எனக்குக் கதவைப் பூட்டின மாதிரி இருக்கும்." அதன் பிறகு அந்த வயிற்றில் ஓர் அங்குலம் குறைக்கவும் நான் சம்மதியேன்.

4. வந்தவர்களுக்கும் அது புரிந்தது. சாய்ந்துகொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்ததால் பிள்ளைகள் வயிற்றில் சாய்ந்து ஏறி இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த ஒரு பெண் விலாப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

5. இப்போது புகார். போன வாரம் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பனியன் மரியாதையாக இல்லை என்று கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தினார்கள். மறுநாள் மோட்டாரையும் ஸ்பீக்கரையும் நிறுத்தினார்கள். வாசல் காவலாளியிடம் விசாரித்தேன். "மேல மீட்டிங்காம் அண்ணே, கொறட்டை கேக்குதாம்" என்றார். கூட்டத்தில் வேறு யாரும் குறட்டை விடவில்லை என்றே நம்புகிறேன்.

6. ஐயா, ஓர் ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சை நிறுத்தி, வெள்ளைத் துணி போர்த்தினால் அதற்கு என்ன பெயர்? சுவரில் "அப்பா தூங்குறார்" என்ற அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் எந்த வீட்டில், எப்போது அப்படிச் சொல்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். இப்போது யாரும் சாய்வதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நடக்கிறார்கள். கால்மாட்டில் யாரோ ஒரு கொத்துப் பூ வைத்திருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள்.

7. இது தெரியாமல், தன் அக்காவுக்குக் காட்டவென்று என் மனைவி நல்ல சேலை கட்டி, என்னையும் அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்து, "வாங்க, போலாம்" என்றார். வீடு வரும் வரை விடவில்லை. இப்போது மதியம் நான் கண்ணயர்ந்தால் வந்து தட்டி எழுப்புகிறார். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்கிறார். இத்தனை வருடம் குறட்டையை நிறுத்தச் சொல்லி எழுப்பியவர், இப்போது சத்தம் கொஞ்சம் குறைந்தாலே எழுப்புகிறார். எனக்குத் தூக்கம் போனதற்குத் தங்கள் அலுவலகமே பொறுப்பு.

8. தங்கள் அலுவலகத்தில் கேட்டபோது ஓர் அதிகாரி, "அசையாம இருந்தாலும் கலைதான் சார்" என்று விளக்கினார். நிறுத்தி வைத்த லாரியும் லாரிதான், ஆனால் சரக்கு போய்ச் சேராது என்றேன். அவர் மேலும் சொன்னது: இப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரித்து எடுத்துப் போகலாம். மகள் பிரிக்கவே முடிவு செய்துவிட்டாள். "விடுங்கப்பா, இப்படிக் கெடக்கறதுக்கு நானே வெட்டி எடுத்துக்கறேன்" என்கிறாள். பெரிய கத்தரிக்கோலைச் சாணை பிடித்து மேசை மேல் வைத்திருக்கிறாள். அதைத் தாண்டித்தான் நான் தினமும் சாப்பிட உட்காருகிறேன்.

9. நான் இரண்டுக்கும் உடன்படவில்லை. இப்படியே கிடக்கவும் மாட்டேன், எழுந்து போகவும் மாட்டேன். மேலே கூட்டம் நடக்கும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கட்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிக்காமல் போகத் தெரிந்தவன்தான் நான். ஆனால் மூச்சு ஓட வேண்டும். துணியை எடுக்க வேண்டும். என் மரியாதையைக் காப்பாற்றவே போர்த்தினோம் என்றால், அந்த மரியாதைக்குச் சொந்தக்காரன் நான். எனக்கு அது வேண்டாம் என்று எழுத்து மூலமாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

10. சனிக்கிழமை காலைக்குள் மோட்டார் ஓடாவிட்டால், நான் டிக்கெட் எடுத்து, பனியனோடு, சொந்தத் தலையணையோடு வந்து என் பக்கத்தில் நானே படுத்துக்கொள்வேன். வாசலில் உள்ள விதிப் பலகையை இருமுறை படித்துவிட்டேன். தின்னக் கூடாது, ஓடக் கூடாது, பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுக்கக் கூடாது. தூங்கக் கூடாது என்று இல்லை. என்னைவிடப் பலமாகக் குறட்டை விடும் ஓட்டுநர்கள் சிலரும் முறை போட்டு வரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் யாருக்கும் சுவிட்ச் கிடையாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே, என் மகள் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால், தாங்கள் கீழே இறங்கி வந்து தங்கள் கையாலேயே அந்தச் சுவிட்சைப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். போட்டதும் உடனே மாடிக்குப் போய்விட வேண்டாம். கொஞ்ச நேரம் சாய்ந்து பாருங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: வியாழன்

இப்படிக்கு,
இதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்)
அப்பா

இணைப்பு: நான் உயிரோடு இருப்பதற்கு மருத்துவர் சான்று – ஒன்று. (அசல் என் மனைவியிடம் உள்ளது. தர மறுக்கிறார். நகல் வைத்துள்ளேன்.)