அப்பா என்ற ஒரு சொல் மட்டும்

ஆடி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. டிஸ்க் அறுபத்தொன்று.

அண்ணாச்சி, உங்கள் பட டிஸ்க் கடையைக் காலி செய்துவிட்டு மதினி போன வாரம் அனுப்பிய பெட்டி இது. திறந்ததும் மார்க்கர் மை வாசம். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் உங்கள் கோணல் கையெழுத்து: 'கொரியா - தமிழ் எழுத்துடன்'. படத்துக்குக் கீழே ஓடும் அந்த வரிகளை நீங்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்து, நேரம் பொருத்தியவன் நான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் கடையின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்வீர்கள்: "மொதல்ல ஹாங்காங் அடிதடி, அப்புறம் ஜப்பான் பேயி, இப்ப கொரியா அழுகை. சண்ட போட்டு, பயந்து, கடைசில அழ வந்துட்டானுவ." காயல்பட்டினத்திலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து கேட்பார்கள், "எழுத்து இருக்கா? இல்லைன்னா வேண்டாம்." அந்த எழுத்தை நம்பித்தான் வாங்கினார்கள்.

கப்பல் வேலையில் மூன்று வருஷம் கொரியாவில் இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்குச் சந்தேகம். "காதத் தொறந்து கேளுல. அப்பாங்கான் பாரு. பாதி நம்ம பாஷைதாம்ல." உண்மைதான். அவர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து மிச்சம் அத்தனையையும் நம்பினேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரைக்கூடத் தொடாத எலக்ட்ரீசியன் நான்.

அப்போது நான் வீட்டுப் பக்கம் போகாமல் ஏழு மாதம். வெளிநாட்டு வேலை வேண்டாம் என்றதற்கு அப்பா வாசலைக் காட்டியிருந்தார். உங்கள் கடையின் பின்னறையில்தான் படுக்கை. அப்போது எழுத்துப் போட்ட ஒரு படத்தின் கடைசிக் காட்சியில் மகன் அப்பாவுக்குப் போன் பேசுகிறான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "எழுதிக்கோ. அப்பா, சோறு எடுத்து வைங்க, வாரேன்."

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் பேசுதான?"

"மிச்சம் அழுகைதாம்ல. அதுக்கு எதுக்கு எழுத்து?"

நேரம் பொருத்தி முடித்தேன். அன்று மத்தியானமே என் அப்பாவுக்குப் போன் போட்டு அதே வரியைச் சொன்னேன். "சாள மீன் கொழம்புதான் இருக்கு" என்றார்.

நேற்று அதே படம் போனில் கிடைத்தது, முறையான தமிழ் எழுத்தோடு. உங்கள் டிஸ்க்கைப் பக்கத்தில் ஓடவிட்டேன். அந்த மகன் சொல்வது இது: 'அப்பா, என்னைத் தேடாதீர்கள். இனி வரமாட்டேன்.' இன்னும் மூன்று படம் போட்டுப் பார்த்தேன். ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. மதினியிடம் கேட்டேன். "கொரியாவா? அவுக தோணில கொழும்பத் தாண்டி எங்க போனாக?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பொய்யைக் கால் வினாடி பிசகாமல் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். "ஏல, வீட்டுக்குப் போ" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கமாட்டேன்தான். அதற்காக? பஸ் ஏறி வந்தவர்களுக்கு என்ன பதில்? சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால் செத்தும் போய்விட்டீர்கள்.

இனி செய்யப்போவது:

1. அறுபத்தொரு டிஸ்க்கின் மேலும் 'எழுத்து தப்பு' என்று மார்க்கரில் எழுதுவேன்.

2. பின்னறைச் சாவியை மதினியிடம் திருப்பிக் கொடுப்பேன். இன்னும் என் சாவிக்கொத்தில்தான் கிடக்கிறது.

3. மணி ஒன்றாகப் போகிறது. அப்பாவுக்குப் போன் போடுவேன். அவரிடம் சொல்ல வேறு வரி எனக்கு இதுவரை தெரியாது. அதையேதான் சொல்வேன்.