முனியன் வழக்கில் என் பெயர்

12-6-1952, வியாழன்

ரப்பர் பால் வாளிக்குள் அரிசியை மறைத்து, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோனதாக எங்கள் தோட்டத்துத் தொழிலாளி முனியனைப் பிடித்திருக்கிறார்கள். அந்த வழக்கில் நீதிபதியோடு உட்கார்ந்து கருத்துச் சொல்ல இந்தியர் ஒருவர் வேண்டுமாம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலமே இந்தியர் கட்சிக் கிளைத் தலைவர் மாலையோடு வந்துவிட்டார். "கூலி லயத்துல பொறந்த பிள்ளை கோர்ட்டுல உட்காரப் போவுது லா! அடுத்த கூட்டத்துல இதத்தான் பேசப்போறேன்" என்றார். என் அப்பா ரப்பர் மரம் சீவியது என்னைவிட அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கிறது.

அவர் போனதும் முனியனின் மனைவி பின்வாசலில் வந்து நின்றாள். புருஷனைக் காப்பாற்றச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, "முடிஞ்சதச் செய்றேம்மா" என்றேன்.

"அதுக்கில்லீங்க கிராணி ஐயா. வர முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. வெள்ளக்கார ஜட்ஜாவது சாட்சியப் பாப்பான். நம்ம ஆளுக்குச் சலுகை காட்டுனதா ஆயிடும்னு பயந்தே நீங்க அவர விடமாட்டீங்க."

சத்தம் போட்டு அவளை விரட்டிவிட்டேன்.

இரவு படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. இன்று காலையில் கண்ணாடி முன் நின்று, "குற்றவாளிதான்" என்று கம்பீரமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.