லேடீஸ் பெட்டியில் எத்தனை ஜன்னல்?

மைசூர்,
ஜய வருஷம் ஆவணி 20
(5-9-1954)

சிரஞ்சீவி பத்மாஸினிக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நிதானமாக உட்கார்ந்து படி.

நாக்பூரிலிருந்து நீ படம் போட்டு அனுப்பிய தபால் வியாழக்கிழமை வந்தது. ஏண்டி, நான் உன்னைப் படமா கேட்டேன்? பெங்களூர் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு லேடீஸ் பெட்டிக்கு ஒரு பக்கம் எத்தனை ஜன்னல், ஒரு ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று கேட்டு எழுதினேன், வாஸ்தவம். எனக்கு எதற்கு அந்தக் கம்பி? கேட்டது உன் அப்பா என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? கணக்கு டீச்சர் ஆனால் இப்படியா? ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு, நாலு பக்கம் அனுப்பியிருக்கிறாய். "அப்பா சௌக்கியமா" என்று ஒரு வரி எழுதுவதற்குள் உன் பேனாவில் மை தீர்ந்துபோய்விட்டது.

இங்கே நடக்கிற கூத்தை முழுக்கச் சொன்னால்தான் உனக்குப் புரியும். தை மாதம் உன் அப்பாவுக்கு ரிடையர் ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் ரயிலில் கார்டாகப் போய் வந்த மனுஷர், ஆனி வரைக்கும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். ஆடியில் சன்னபட்டணம் போனவர், எதிராத்து லக்ஷ்மம்மாவின் பேத்திக்கு விளையாட என்று மரக்கட்டை ஒரு பெட்டி வாங்கி வந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சையில் சின்னச் சின்னக் கட்டைகள், அடுக்கி வீடு கட்டுகிற மாதிரி. குழந்தைக்கு எப்படி அடுக்குவது என்று காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். வீடு வரவில்லை, ரயில் பெட்டி வந்தது. அதோடு சரி. குழந்தை அழுதுகொண்டு போயிற்று. அதற்கப்புறம் மூன்று தடவை சன்னபட்டணம் போய், மூட்டையாகக் கட்டை வாங்கி வந்தாயிற்று.

இப்போது எஞ்சின், ஏழு பெட்டி, கடைசியில் கார்டு ஏறுகிற பிரேக் வேன். எல்லாம் அந்தப் பெங்களூர் காலை பாசஞ்சரேதான். கூடத்தில் ஆரம்பித்துத் தளிகை உள் வாசல்படி வரைக்கும் நிற்கிறது. நான் பாலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ரயிலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஜன்னல் கம்பிக்கு என் புதுத் துடைப்பத்து ஈர்க்குச்சி. பெட்டிக்குப் பெட்டி கோக்க என் ரவிக்கைக் கொக்கி. எஞ்சின் விளக்குக்கு என் குங்குமச் சிமிழ் மூடி. தேவராஜ மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்க அனுப்பினால், வெறும் பையில் ஒரு முழம் கறுப்பு ரிப்பனோடு திரும்பி வருகிறார். அன்றைக்கு அப்பளத்தைச் சுட்டுப் போட்டேன். கண்ணை ரயில் மேல் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்றே தெரிந்திருக்காது.

கேட்டால், வருஷா வருஷம் கொலுவுக்குப் புதுப் பொம்மை ஒன்று வைக்க வேண்டாமா, இந்த வருஷம் இதுதான் என்கிறார். பொம்மை என்றால் கைக்கு அடக்கமாக இருக்கும், படியில் நிற்கும் என்று நான் தலையில் அடித்துக்கொள்கிறேன். என் கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டத்து ராஜா ராணி பொம்மையையாவது உள்ளே ஏற்றுங்கள், கொலு மாதிரி இருக்கும் என்றேன். ராஜாவுக்கென்று தனியாக ஸலூன் வண்டி வேண்டும், மூன்றாம் வகுப்பில் ஏற்ற ரூல் இடம் கொடுக்காது என்று பதில் வந்தது. இதற்கு மேல் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

உன் படம் வந்ததும் இன்னும் மோசம். கட்டி முடித்து அழகாக நின்ற லேடீஸ் பெட்டியை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டார். அவர் ஐந்து ஜன்னல் வைத்திருந்தாராம், நீ ஆறு போட்டிருந்தாய். அடுத்த தெரு கேசவமூர்த்தி, டிக்கெட் பரிசோதகராக இருந்தாரே, அவர் வந்து ஐந்துதான் சரி என்று வாதம் பண்ணினார். நாக்பூரிலிருந்து எழுத்து மூலமாக வந்திருக்கிறது, இனிமேல் அப்பீல் கிடையாது என்று உன் அப்பா அவர் வாயை அடைத்துவிட்டார். படத்தைச் சோற்றுப் பசை போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பால் கொண்டு வருகிற தேவம்மாவைக்கூட விடவில்லை, கூப்பிட்டுக் காட்டினார். கோடு எவ்வளவு நேராக இருக்கிறது பார் என்கிறார். யார் போட்டது என்று அவள் கேட்டால் மட்டும் காது கேட்பதில்லை.

இந்த வேடிக்கையைக் கேள். ஸ்டேஷன் நம் ஆத்திலிருந்து கால் மணி நடை. அந்த லேடீஸ் பெட்டி மத்தியானம் முழுக்க யார்டில் காலியாக நிற்கிறது. இவர் போனால் போர்ட்டர் முதல் மாஸ்டர் வரை எழுந்து நிற்பார்கள். சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின் வருகிறது என்று சொல்கிற மனுஷர், ஜன்னல் எத்தனை என்று உனக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறார்! யாருக்குக் காது குத்துகிறார்? முதலில் என்னைத்தான் கேட்டார். மண்டியாவுக்கு நாற்பது தடவை அதே பெட்டியில் போய் வந்தவள் நான். எனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். பெருமாள் மன்னிப்பார்.

இப்போது உன் விஷயம். அஸ்ஸாமில் பெரிய பள்ளிக்கூடம், ஹாஸ்டலும் உன் பொறுப்பு, மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா தன் வாயால் ஒரு வார்த்தை வா என்று சொன்னால் அங்கே போகவில்லை, தசராவுக்கு வந்து இங்கேயே வேலை தேடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதை அப்படியே உரக்கப் படித்தேன். கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், பசைக் கிண்ணத்தை இப்படித் தள்ளு என்றார். எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை எடுத்து முற்றத்தில் வீசிவிட்டேன். நானே போய்க் கழுவினேன், அது வேறு.

உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்கு நடுவில் நான் இரண்டு வருஷமாகத் தபால் பியூன் உத்தியோகம் பார்க்கிறேன். மேல்கோட்டை வரனை நீ வேண்டாம் என்றாய், வேலைக்குப் போகிறேன் என்றாய். போகிறவள் போ, நான் கூப்பிடமாட்டேன் என்றார் அவர். கூப்பிடாமல் வரமாட்டேன் என்றாய் நீ. அதோடு விட்டதா? நாக்பூருக்குப் புறப்பட்டு நீ ஏறிய வண்டிக்கு அன்றைக்கு அவர்தான் கார்டு! பிளாட்பாரத்தில் இரண்டு தடவை நீ இருந்த லேடீஸ் பெட்டியைத் தாண்டி நடந்தார். ஒரு தடவை நின்றிருக்கக் கூடாதா? நீயாவது முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாயா? அவரே விசில் ஊதி, அவரே பச்சைக் கொடியைக் காட்டி, பெற்ற பெண்ணை வழியனுப்பினார். எண்பத்தாறு மைல் ஒரே வண்டியில் போனீர்கள், ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் ஆத்துக்கு வந்தவரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். வண்டி டயத்துக்குப் போயிற்று என்றார். இந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

இன்று காலையில் இன்னொரு கேள்வி இருக்கிறது, எழுது என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இனி ஒரு ஜன்னலும் கேட்கமாட்டேன், உங்களுக்குக் கை இருக்கிறது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் லேடீஸ் பெட்டியின் கூரையைக் கழற்றினார். உள்ளே உட்காருகிற பலகைகளை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி, மண்டியாவில் இறங்கிப் பார்த்தபோது அந்தப் பெட்டியில் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள், அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா, இல்லை பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாளா என்று கேள் என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். அதைப் பார்த்துவிட்டு, பலகைக்கு எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் என்றார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அவர் கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். ஆனால் பத்மா, இதற்கும் ஸ்கேல் வைத்துப் படம் போட்டு அனுப்பினாயோ, உன்னை நான் சும்மா விடமாட்டேன். அஸ்ஸாம் காகிதத்தை மடித்து வை. மகாளய அமாவாசை அன்று கொலுப்படி கட்ட வேண்டும், அதற்கு முன்னால் புறப்பட்டு வா. அன்றைக்கு உட்கார்ந்து போனாயா, நின்றுகொண்டு போனாயா என்று அவர் எதிரே நின்று உன் வாயால் சொல். நீயும் பிடிவாதக்காரி, எனக்குத் தெரியும். வா என்று அவர் சொல்லவில்லையே என்று மறுபடி ஆரம்பிக்காதே. பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும். அவருக்கு இதற்கு மேல் கூப்பிடத் தெரியாதடி.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
செலுவம்பா