வாரச் செய்தியில் வராதவை

செப்டம்பர் 6, சனி

சபையின் வாரச் செய்தித் தாளை டைப் அடித்து முடித்தேன். மூன்றாவது அறிவிப்பில்தான் வெகுநேரம் மாட்டிக்கொண்டேன். நம் சபையில் ஆர்கன் வாசிக்கும் மாஸ்டர் இனி வரமாட்டார். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே அவருக்கும் செயலர் முனிரத்தினம் அண்ணனுக்கும் சண்டை.

"பாட்ட இழுத்து இழுத்து வாசிக்கிறீங்கோ மாஸ்டர். ஜனங்கோ தூங்குது."

"ஜனங்க தூங்குறது நீ ரிப்போர்ட் படிக்கும்போதுய்யா."

ஆர்கன் அறைச் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதை எப்படிச் செய்தியில் போடுவது? "உடல்நலம் கருதி ஓய்வு பெறுகிறார்னு போடும்மா ரத்னா" என்றார் அண்ணன். போட்டேன். இன்று மதியம் மாஸ்டர் வெயிலில் மணிமங்கலம் பக்கம் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். என்னைப் பார்த்து ஒரு கையை விட்டுக் கும்பிடு வேறு.

வாரம் முழுக்க ஒரகடத்தில் கம்பெனியின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இதே வேலைதான். 'விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு ஓவர்டைமுக்கு வரலாம்' என்று நோட்டீஸ் அடிப்பேன். விருப்பமில்லாதவர்களை சூப்பர்வைசர் திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரிப்பார். சனிக்கிழமை அதே விரல்கள் சபைக்கு அடிக்கின்றன. அவற்றுக்கு வித்தியாசம் தெரிவதாகத் தோன்றவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாத்தியம் இல்லாத இரண்டாவது ஞாயிறு. முனிரத்தினம் அண்ணன் எடுத்த சுருதியில் முதல் சரணத்தை எல்லோரும் பாடினோம். இரண்டாவதில் பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவதில் அண்ணனும் நிறுத்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்தபின் கடைசி வரிசையில் இருந்து ஒருவர் வந்தார். ஹாஸ்டல்களிலும் வாடகை ரூம்களிலும் தங்கி வேலைக்குப் போகும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் உட்காரும் வரிசை அது. ஒல்லி, கம்பெனிச் சட்டை, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும்.

"யம்மா, அந்தக் கீபோர்டு சும்மாதான கெடக்கு? நான் வாசிச்சுப் பாக்கட்டுமா?"

மாஸ்டரின் ஆர்கனுக்கு முன்பு வாங்கி, உறை போட்டு மூலையில் வைத்த கீபோர்டு. தூசியைத் தட்டி உட்கார்ந்தார். நாங்கள் சற்று முன் பாடிக் கெடுத்த பாட்டையே வாசித்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் உள்ளே திரும்பி வந்தார்கள். ஐஸ்வர்யா பாடகர் குழு இடத்தில் நின்றபடி தன்னையறியாமல் பாடத் தொடங்கினாள். என் பெண் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊராம். கோயில் கொடைத் திருவிழாக்களில் கச்சேரிக் குழுவோடு வாசித்திருக்கிறார். இப்போது லாரி கம்பெனியில் லைனில் வேலை. சபைக்கு எதற்கு வருகிறீர்கள் என்றார் அண்ணன்.

"ரூம்ல உள்ளவனுவ வருவானுவ, கூட வாரேன். பாட்டு நல்லாருக்கும்லா."

"பேரு இன்னாப்பா?"

"முப்பிடாதி."

எல்லோரும் மறுபடியும் செருப்பைத் தேடினார்கள்.

செப்டம்பர் 20, சனி

கமிட்டி கூடியது. ஒரே பொருள்: முப்பிடாதி அம்மன் பெயர் கொண்டவர் ஆலயத்தில் வாசிக்கலாமா? ஒருவர், வாசிக்கட்டும், மோசே என்று கூப்பிடலாம் என்றார். இன்னொருவர், கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே என்றார்.

நான் எழுந்து நின்று பேசினேன். "கடவுள் பேரையா பாக்குறாரு? மனசத்தான பாக்குறாரு? அந்தப் பிள்ள வந்து வாசிக்கிறதே பெரிசு. நாம பேரப் புடிச்சிகினு தொங்கறமே, வெக்கமா இல்லியா?" நல்ல பேச்சு. ஆயர் இளையவர், சென்னைக்காரர். குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பேச்சை நானே மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீர்மானம்: வாசிக்கலாம். செய்தியில் பெயர் வராது. 'இசை: ஒரு சகோதரர்' என்று அடித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒரு சகோதரர் வேகமாக வாசித்ததில் ஆராதனை சீக்கிரம் முடிந்தது. கமிட்டிக்கும் தேவனுக்கும் மகிழ்ச்சி.

அக்டோபர் 12, ஞாயிறு

பாடல் பயிற்சிக்குப் பின் முப்பிடாதியைச் சாப்பிட அழைத்து வந்தேன். மெஸ் சாம்பாரையே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை. மீன் குழம்பை ஊற்ற ஊற்ற, "போதும்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்தாமல் இருந்தார். என் கணவர் பகலவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், யாரோடும் அதிகம் பேசாதவர். அவரே சிரித்தார். ஐஸ்வர்யா இரண்டு முறை அப்பளம் பொரித்தாள். தெற்கத்திப் பிள்ளைகளை இப்படி வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்று கமிட்டியில் சொல்ல நினைத்திருக்கிறேன். யாராவது ஆரம்பித்து வைக்க வேண்டும் அல்லவா?

அக்டோபர் 29, புதன்

ஐஸ்வர்யா சொல்லிவிட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அம்மா, நானும் முப்பிடாதியும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கீறோம்." அவ்வளவுதான். உப்பு எங்கே என்று கேட்பது போல.

இன்னாடி இது. ஊர்ல பையனே இல்லையா. நாலு அப்பளம் பொரிச்சதுக்கா இது? நான்தான் கூப்ட்டு கூப்ட்டு சோறு போட்டேன். நானே வழி காட்டி வுட்டேன் —

"நீதானம்மா கமிட்டில பேசின, பேர பாக்கக் கூடாதுன்னு?" என்றாள்.

அது கீபோர்டுக்கு, கல்யாணத்துக்கு இல்லை என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

பகலவனிடம் முறையிட்டேன். மனிதர் பஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா பிரச்சினை? சபைல இல்லன்றதா? நான் மட்டும் இன்னா. நம்ம கல்யாணத்துக்கு ஒங்கப்பா என்னை இட்டுகினு போயி ஞானஸ்நானம்னு தண்ணி தெளிக்க வெச்சாரு. பால்னு பேர் வெச்சாரு. அப்பால அந்த பால எங்கியாவது பாத்தியா?"

பார்க்கவில்லை. பால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆலயத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் பகலவன் எதிர்ப்பக்கம் டீக்கடையில் இருப்பார்.

நவம்பர் 8, சனி

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. மாலையில் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அந்தப் பெயருக்கு முகம் சுளித்தவர், எனக்கு ஆறுதலாகப் பேசுவார் என்று காபி போட்டேன்.

முகமெல்லாம் சிரிப்பு. "ரத்னா, ஆண்டவர் கதவத் தொறந்துட்டாரும்மா! பையன் ஞானஸ்நானம் எடுத்துகினு கல்யாணம் பண்ணிகினான்னா, டிசம்பர் செய்தில முதல் பக்கத்துல போட்டுரலாம். பெரியவங்க ஞானஸ்நானம் நம்ம சபைல நடந்து எவ்ளோ நாளாச்சி!"

"எனக்கு இஷ்டமில்லண்ணா."

"நீயா பேசற? கடவுள் மனசத்தான் பாக்குறாருன்னு நீதானம்மா சொன்ன? அன்னிக்கு எனக்கு வெக்கமாப் போச்சி, தெரியுமா?" காபியைக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்கோ அந்தப் பக்கம் இன்னா ஆளுங்கன்னு மட்டும் வெசாரிச்சிக்கோ. நமக்கு அதெல்லாம் கெடையாது. சும்மா தெரிஞ்சிக்கறதுக்கு."

நமக்கு அதெல்லாம் கிடையாது என்று நான்கூட செய்தியில் அடித்திருக்கிறேன். அவர் போன பிறகு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் முதல் நாளே தோன்றியதே. பெயர் மட்டும்தானா உனக்குப் பிரச்சினை, ரத்னா?

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் ஆயர், அண்ணன், நான், முப்பிடாதி. அண்ணன் தேதியே குறித்து வைத்திருந்தார். முப்பிடாதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வேண்டாம்யா," என்றார். "எனக்கு உங்க பாட்டு புடிக்கும், இங்க உள்ள ஆளுகளப் புடிக்கும். சாமி மேல நம்பிக்க வந்து, எடுக்கணும்னு தோணுச்சுன்னா நானே வந்து கேக்கேன். பொண்ணு தாரீகன்னு தண்ணி தெளிச்சுக்கிட்டா, அது சாமிய ஏமாத்துறதுல்லா?"

அண்ணனுக்கு டிசம்பர் முதல் பக்கம் கண் முன்னே காலியானது. ஆயர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "ஞானஸ்நானம் கேட்டு வந்தவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன். வேணாம்னு சொன்ன இவர்தான் அதைப் பத்தி யோசிச்சிருக்கார்."

நான் வெளியே வந்து முப்பிடாதியைத் தனியாக நிறுத்தினேன். "இனிமே நீ வாசிக்க வராதப்பா. எங்க வூட்டுப் பக்கமும் வராத."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. பாதி வரிசை காலி. அடித்திருந்தது: 'தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று இசை இல்லை.' அந்தத் தவிர்க்க முடியாத காரணம் என் சேலையைக் கட்டிக்கொண்டு மைக்கில் நின்று அதை நல்ல உச்சரிப்போடு வாசித்தது.

நவம்பர் 23, ஞாயிறு

ஐஸ்வர்யா பாடகர் குழுவில் நிற்கிறாள். வாயைத் திறப்பதில்லை. வீட்டிலும்தான்.

டிசம்பர் 3, புதன்

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று கம்பெனியில் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ஐஸ்வர்யாவிடம் இருந்து செய்தி வந்திருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறோம், பக்கத்து அறையில் தூங்குகிறாள், போனில் எழுதுகிறாள்: 'ரிஜிஸ்டர் மேரேஜுக்கு எழுதிக் கொடுத்துட்டோம். ஒளிச்சு செய்யலம்மா, அதான் சொல்றேன். அப்பாவுக்குத் தெரியும்.'

அப்பாவுக்குத் தெரியும்! ராத்திரி கேட்டேன். "பஸ் அந்தப் பக்கம்தான் போச்சி, எறக்கி வுட்டேன்" என்கிறார்.

டிசம்பர் 16, செவ்வாய்

லீவு போட்டேன். யாரிடமும் சொல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

நிறுத்தப் போனேன் என்று எழுதினால் பொய்யில்லை. ஆட்சேபணை இருந்தால் கொடுக்கலாமாம், டைம் ஆபீஸில் ஒருவர் சொன்னார். என்ன எழுதுவது என்று பஸ்ஸில் வாக்கியம்கூடச் சேர்த்துவிட்டேன். வார்த்தை சேர்ப்பதுதானே என் தொழில்.

பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாடு விற்கும் விளம்பரம் மாதிரி ஒரு அறிவிப்பு. மணமகன் பெயர் முப்பிடாதி. தாய் அன்னக்கிளி. மணமகள் பெயர் ஐஸ்வர்யா. தந்தை பகலவன், தாய் ரத்னா. இத்தனை வருஷமாக ஊரில் யார் யார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று ஆரம்பித்து, பூ வைத்து, ஓரத்தில் மணி வைத்து. என் பெண்ணுடையதை முகம் தெரியாத யாரோ அடித்திருக்கிறார்கள். கோடு கோணலாக இருந்தது.

அங்கேயே நின்று அழுதேன். ஊழியர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அப்ஜெக்‌ஷன் குடுக்கணுமா?"

"இல்லப்பா," என்றேன். "பேரெல்லாம் சரியா போட்டுகீறாங்களான்னு பாக்க வந்தேன்."

எப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. சேர்த்து வைத்த வாக்கியம் வேறு.

டிசம்பர் 18, வியாழன்

முப்பிடாதிக்கு நானே போன் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு வாசிக்க வரணும் என்றேன். மன்னிப்பு கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. மீன் வாங்கட்டுமா கோழி வாங்கட்டுமா என்று கேட்டு வைத்தேன்.

"செகண்ட் ஷிப்ட் போட்டுருக்கான்மா. மாத்திட்டு வாரேன்," என்றார். போனை வைக்கும் முன், "மீன்," என்றார்.

டிசம்பர் 25, வியாழன்

வாசித்தார். ஐஸ்வர்யா பாடினாள். வருஷத்துக்கு ஒரு முறை வரும் பால், தூணில் சாய்ந்து நின்று கேட்டார்.

ஜனவரி 10, சனி

கமிட்டி. ஆலயத்துக்கு வெளியே நடக்கும் திருமணங்களைச் செய்தியில் போடுவதில்லை என்ற பழைய தீர்மானத்தை அண்ணன் வாசித்துக் காட்டினார். "ஒன்னியக் காயப்படுத்தறதுக்கு இல்லம்மா. ரூல்ஸ்." அந்தத் தீர்மானத்தை அடித்ததே நான்தான். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.

ஜனவரி 21, புதன்

நடந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஆயரும் ஒருவர். "ஆயராக வரலை, ஐஸ்வர்யாவைத் தெரிஞ்சவனா வந்தேன்" என்றார்.

முப்பிடாதியின் அம்மா அன்னக்கிளி முந்தைய நாள்தான் ரயிலேறி வந்திருந்தாள். கணவர் இல்லை. கையில் கருவாட்டு மணத்தோடு ஒரு பை, முகத்தில் என்னுடையதைவிடப் பெரிய வருத்தம். எனக்குக் கோபமே வந்தது. வருத்தப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

"எம்புள்ளைய வேலைக்குத்தான் அனுப்புனேன்," என்றாள் என் முகத்துக்கு நேராக. "நீங்க பாட்டு வாசிக்கக் கூட்டிட்டுப் போயி, சோத்தப் போட்டு மயக்கிட்டீக. எங்கக்கா மவள அவனுக்குன்னு பேசி வச்சிருந்தோம்."

"நாங்க மயக்கனமா? நல்லா கேக்கறீங்களே! எம்பொண்ண பாட்டு வாசிச்சி மயக்கனது யாரு?"

பெண்ணும் பிள்ளையும் கையெழுத்து போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் வராந்தாவில் யார் யாரை மயக்கியது என்று சண்டை போட்டோம். பகலவன் இரண்டு டீ வாங்கி வந்து எங்கள் நடுவில் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மி," என்றாள். கம்மிதான்.

ஜனவரி 25, ஞாயிறு

அன்னக்கிளி ஆலயத்துக்கு வந்தாள். சாமி கும்பிட இல்லையாம். "எம்புள்ள என்னத்த வாசிக்கான்னு பாக்கணும்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்தபோது எழுந்தாள், ஜெபத்தின்போது கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறிகளைப் பார்த்தாள். மகன் வாசிக்கத் தொடங்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

வெளியே வரும்போது முனிரத்தினம் அண்ணன் பேனாவும் கையுமாக வந்தார். "ரத்னா, இந்தம்மா யாரு, புதுசா? அடுத்த வாரச் செய்தில வருகையாளர்னு போட்டுரலாமா?"

"வருகையாளர் இல்லண்ணா," என்றேன். "எங்க சம்பந்தி."

அவர் பேனாவை மூடினார். சம்பந்தியைப் போட நம் செய்தியில் தலைப்பு கிடையாது. அன்னக்கிளி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோவில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஐஸ்வர்யாவுக்குப் புளிக்குழம்பு வைக்கத் தெரியவில்லை என்றாள் அவள். முப்பிடாதி ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறான் என்றேன் நான். எதிரில் இருந்த ஹாஸ்டல் பெண்கள் எங்களையே பார்த்தார்கள். அவள் என் பெண்ணைத் திட்ட, நான் அவள் பிள்ளையைத் திட்ட, ஒரகடம் வந்துவிட்டது. இறங்கும்போது என் பையையும் சேர்த்து அவளே தூக்கிக்கொண்டாள்.