செவலைக்கு அரைச் செம்பு

ஏப்ரல் 4, பாடாலூர்
பச்சைப்புல் தீர்ந்துவிட்டது. காய்ந்த சோளத்தட்டையை எங்கள் பசு செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முப்பது ஆண்டு நூலகத்தில் இருந்தவனுக்கு அந்தப் பார்வை பழக்கம். கவிதைப் புத்தகங்களை அப்படித்தான் திருப்பி வைப்பார்கள்.

"ரிட்டையர் ஆனவரு மாடு வாங்குனா இப்படித்தான். சித்திரைக்குள்ள திங்கலன்னா வித்துடுங்க" என்றாள் என் மனைவி கிருஷ்ணம்மாள். "வித்தே காட்டுறேன்" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. விற்க வேண்டும் என்பது யாருடைய விருப்பம்? என்னுடையது இல்லை.

ஏப்ரல் 6
கால்நடை டாக்டர் கீதாஞ்சலி மொலாசஸ் கொடுக்கச் சொன்னார். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு. "ஒரு நாளைக்கு அரைச் செம்பு சார். தண்ணியில கரைச்சு தட்டை மேல தெளிங்க. ஜாஸ்தியானா கழியும்." ஒரு கேன் வாங்கி வந்தேன். எறும்புகள் எனக்கு முன்பே வந்திருந்தன.

ஏப்ரல் 8
தின்கிறது!

ஏப்ரல் 11
கழிகிறது. அளவு சரிதானே? காலையில் நான்தானே ஊற்றுகிறேன்?

"செவலை, உன்ன வாங்குனவருக்குப் படிக்க மட்டுந்தான் தெரியும்" — மாட்டிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள் கிருஷ்ணம்மாள்.

ஏப்ரல் 12
கால் செம்பாகக் குறைத்தேன். கழிச்சல் கூடிவிட்டது. குறைத்தால் கூடுமா? நான் எடுத்தது மூன்று செம்புகூட இல்லை, கேனில் எட்டு குறைந்திருக்கிறது. எறும்புகளைக் கவனித்தேன். எதுவும் தள்ளாடவில்லை.

செவலை படுத்தே கிடக்கிறது. பயமாக இருக்கிறது. என்னதான் பண்ணித் தொலைக்கிறது?

ஏப்ரல் 13
மத்தியானம் தூங்காமல் படுத்திருந்தேன். கிருஷ்ணம்மாள் செம்பு வழிய வழியப் பாகோடு கொட்டகைக்குப் போனாள். பின்னால் போனேன்.

"தின்னுடி. காலையில தட்டையில இனிப்பே இல்ல. நீ திங்கலன்னா அந்த மனுசன் வித்துடுவாரு."

"செவலை, டாக்டர் அரைச் செம்புதான் சொன்னாங்க" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "செவலை, இத அன்னைக்கே சொன்னா வாய் வலிக்குமாமா?"

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. விற்பது பற்றி யாரும் பேசவில்லை. யாரும் எதுவுமே பேசவில்லை.

ஏப்ரல் 17
மூன்று நாளாகப் பாகு நிறுத்தம். டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். சாணி இறுகியது. இத்தனை மகிழ்ச்சியோடு நான் எதையும் பார்த்ததில்லை. நாளையிலிருந்து அரைச் செம்பு கொடுக்கலாம் என்றார், இருவருக்கும் கேட்கும்படி.

ஏப்ரல் 18
அவள் ஊற்றியிருப்பாள் என்று நான் ஊற்றவில்லை. நான் ஊற்றியிருப்பேன் என்று அவளும் ஊற்றவில்லை. பத்து மணிக்குச் செவலை கத்தியது.

"ஏங்க, ஊத்துனீங்களா?"

கொட்டகைப் பக்கம் பார்த்தேன். அவள் கேட்டது மாட்டை இல்லை, என்னை.

"இல்ல. நீ?"