கோயிலுக்குக் கொடுத்த கவசம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சன்னிவேலிலிருந்து தாரணி. இங்கே நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா சுகர் மாத்திரையை மறக்காமப் போடறாரா?

சனிக்கிழமை மியூசியம் போனேன். ஜப்பானில் ஒரு கோயிலில் பல நூறு வருஷமா வச்சிருந்த போர்க்கவசத்தைக் கொண்டுவந்திருந்தாங்க. அந்தக் காலத்துச் சாமுராய் வீரன் ஒருத்தன் போட்டது. கோயில் பொருளாச்சேன்னு பழக்கதோஷத்துல வாசல்லயே ஷூவைக் கழட்டிவிட்டுட்டேன். திரும்பி வந்தா, செக்யூரிட்டி அதைக் கையில வச்சுக்கிட்டு யாரோடதுன்னு தேடறார்! சாக்ஸோட நின்ன என்னைப் பார்த்ததும் சிரிச்சுட்டார்.

"இவ்வளவு நல்ல கவசத்தை எதுக்குக் கோயிலுக்குக் கொடுத்தான்?"னு கேட்டார். உசுரோட வீடு திரும்பியிருப்பான், நேர்ந்துக்கிட்டதைச் செலுத்தியிருப்பான்னு சொன்னேன். எனக்கு அம்மை போட்டுக் கண்ணு பிழைச்சப்ப, நீ மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினதையும் சொன்னேன். தலையாட்டிக்கிட்டே கேட்டார்.

செல்வி அக்கா அடுத்த மாசம் இங்க வர்றாங்களாம். அவங்ககிட்ட அரப்புத்தூள் கொடுத்துவிடு. உன் தலையணை உறை ஒண்ணும் வேணும். துவைக்காமக் குடு.

ஆபீஸ் பஸ் வர்ற நேரம். போன்ல கேட்டா நீ பேச்சை மாத்திடுவே, அதான் எழுதறேன். நேத்து வீடியோ கால்ல, சாமி படத்துக்குப் பின்னாடி நான் கிளம்பறப்ப நீ காசு முடிஞ்சு வச்ச மஞ்சத்துணி தெரிஞ்சுது. நான் நல்லபடியா அமெரிக்கா போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டதாத்தானே சொன்னே? சேர்ந்துதான் நாலு வருஷமாச்சே. ஏம்மா இன்னும் அதை அவிழ்க்கலை?

உன்
தாரணி